வேண்டுமென்றே தாழ்த்திப் போட்ட பந்து

உங்களில் பலருக்குப் பத்து வயதில் யாராவது ஒரு சினிமா நடிகர் மேல் பைத்தியம் இருந்திருக்கும். எனக்கு வாலிபால் பைத்தியம். விளையாடுகிற பைத்தியம் அல்ல, எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பந்தைத் தொட்டதே இல்லை. பார்க்கிற பைத்தியம். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. அதனால் அப்பா எல்லா மேட்சுக்கும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

ஆனைக்குட்டம் அணைக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். அந்த வருடம் விருதுநகரில் ஒரு கல்லூரியின் வாலிபால் டீமில் எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என் அத்தை மகன். ஆறடிக்கு மேல் உயரம், இடது ஓரத்தில் நின்று பந்தை அடிப்பவர். அவரை அத்தான் என்றே சொல்கிறேன். இன்னொருவர் கிழக்குத் தெருக்காரர். அவருடைய அம்மாவும் அக்காவும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். அவர்தான் செட்டர். பந்து நம் பக்கம் வந்ததும் ஒருவர் எடுப்பார், செட்டர் அதை வலையோரமாகத் தூக்கிக் கொடுப்பார், மூன்றாவது ஆள் அடிப்பார். கைதட்டு மூன்றாவது ஆளுக்கு. திட்டு எப்போதும் இரண்டாவது ஆளுக்கு.

வீட்டில் செட்டரை 'அவன்' என்பார்கள். நான் மைதானத்தில் மட்டும் மனசுக்குள் அண்ணன் என்று சொல்லிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அண்ணனும் கம்பெனிக்கு வேலைக்குப் போவார். திங்கட்கிழமை மேட்ச் இருந்தால் அவருடைய நகக்கண்களில் அலுமினியப் பொடி மின்னும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. ஆட்டம் முடிந்து வெள்ளைப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் பத்து விரல் தடமும் சாம்பல் நிறத்தில் இருக்கும். வேறு யார் தொட்டதும் அதில் தெரியாது. அவர் தொட்டது மட்டும் தெரியும். எனக்கு அது அழகாக இருந்தது. எங்கள் ஊர் ஆட்கள், "பட்டாசு மருந்துக் கை, பந்து வழுக்குது" என்பார்கள்.

பருத்தி விதைப்பு முடிந்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்களுக்குப் பெரிய வேலை கிடையாது. எல்லோரும் பஸ் நிற்கும் இடத்திலிருந்த தையல் கடையில் கூடுவார்கள். தையல்காரர் தன் இஞ்ச் டேப்பின் ஒரு முனையை மிஷினிலும் மறுமுனையைக் கதவுக் கொண்டியிலும் கட்டுவார். அது வலை. மிஷின் பலகையில் நூல்கண்டுகளை நிறுத்துவார். அவை ஆட்டக்காரர்கள். வெள்ளை நூல்கண்டு அத்தான். கறுப்பு நூல்கண்டு செட்டர். நான் பட்டன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவின் கட்சி ஒன்றே ஒன்றுதான். "பந்த மேல தூக்கி விடணும்லே. ஆகாசத்துக்கு. அவன் நின்னு நிதானமாப் பாத்து ஏறி அடிப்பான். வேற என்ன வித்த வேண்டிக் கெடக்கு?"

தையல்காரர் ஊருக்குப் பிழைக்க வந்தவர். அப்பாவிடம் பணிவாகத்தான் பேசுவார், ஆனால் விடமாட்டார். "அண்ணாச்சி, அம்புட்டு ஒசரம் தூக்குனா அது எறங்கி வர்றதுக்குள்ள எதிர்ல மூணு பேரு கையத் தூக்கிட்டு வந்துருவான். தாழ்வா, வெரசாக் குடுத்தா ஒருத்தன்தான் வருவான். பாருங்க." இரண்டு நூல்கண்டுகளை நகர்த்திக் காட்டுவார்.

"மூணு பேரு வந்தா என்ன? எங்க அக்கா மகன் மூணு பேருக்கும் மேல ஏறுவான்."

"அது சரிதான். ஆனா எல்லாப் பந்தையும் ஒரே ஆளு அடிச்சா டீமு எதுக்கு?"

"டீமு அவனுக்குப் பந்து எடுத்துக் குடுக்கத்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். சாயங்காலம் வரை இதே பேச்சுதான். நானும் அப்பா கட்சி. அத்தான் பந்தை அடிப்பதற்கு முன் ஒரு கணம் காற்றில் நிற்பது போலத் தெரியும். அதற்காகவே பந்து மேலே போக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மேட்ச் அன்று எங்கள் டிராக்டர் டிரெய்லரில் ஊரே ஏறும். பருத்திச் சாக்குத் தாட்டு விரித்த முன்பக்கத்தில் நாங்கள். கிழக்குத் தெருக்காரர்கள் பின்பக்கம் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஜெயித்துவிட்டால் விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா. நாங்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர்களுக்குப் பொட்டலம் வாங்கி டிரெய்லருக்குக் கொடுத்தனுப்புவார் அப்பா. தாராள மனசுக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடம் பொங்கல் வரை எல்லாம் சரியாக நடந்தது. செட்டர் பந்தை உயரத் தூக்கினார், அத்தான் ஏறி அடித்தார். பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் மேட்சிலேயே ஆட்டம் மாறிவிட்டது. பந்து தாழ்வாகப் பறந்து வந்தது. அத்தான் குதிக்கக்கூட இல்லை, நின்ற இடத்தில் இருந்தபடியே உள்ளங்கையால் தட்டி விட்டார். பல பந்துகள் அவருக்கு வரவேயில்லை, நடுவில் நின்ற குட்டையான பையனுக்குப் போயின. அன்று டீம் ஜெயித்தது. ஆனாலும் எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"ஏலே, என்னலே போடுற? கொளத்துத் தண்ணியில சில்லு விடுறியா?" என்று அப்பா கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். செட்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மேட்சும் அப்படித்தான். அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன்.

அத்தானுக்குக் கொடுக்கச் சொல்லி அத்தை ஒரு தூக்குவாளியில் முறுக்கு கொடுத்திருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன் அதை எடுத்துக்கொண்டு, வலைகளும் சுண்ணாம்பு வாளிகளும் போட்டு வைக்கும் அறைக்குப் போனேன். அத்தான் சுருட்டிய பாய் மேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் பெரிய கத்தரிக்காய் மாதிரி வீங்கிப் பளபளவென்று இருந்தது. செட்டர் கீழே குத்தவைத்து, கிழித்த வேட்டித் துணியை வெந்நீரில் நனைத்து அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய தோளைப் பிடித்திருந்தார். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் கிழக்குத் தெரு ஆள் தோளைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னைப் பார்த்ததும் அத்தான் பேன்ட்டை இறக்கி விட்டுக்கொண்டார். "சும்மா பிடிச்சுக்கிச்சு. மாமாகிட்டச் சொன்னே, அப்புறம் பாத்துக்க."

செட்டர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் தூக்குவாளியை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

இன்று உங்களிடம் சொல்லும்போது எல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. குதிக்க முடியாத ஒருவருக்குக் குதிக்க வேண்டாத பந்தைப் போட்டார். அவ்வளவுதான். அன்று என் தலைக்குள் முழங்கால் ஒரு பக்கம் இருந்தது, தாழ்வான பந்து வேறொரு பக்கம் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்படித்தான் நெடுநாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழு உண்மையா என்று இப்போது தெரியவில்லை.

தையல் கடையில் பேச்சு வேறு மாதிரி ஆனது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி தன் டீமுக்கு ஆள் எடுக்கப்போகிறது, அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அத்தானுக்கு அங்கே நிரந்தர வேலை கிடைக்கும் என்று செய்தி வந்திருந்தது.

"பொறாம. வேற ஒண்ணும் கெடையாது," என்றார் அப்பா. "நம்ம பய பெரிய வேலைக்குப் போயிருவான்னு எரிச்சல். வேணும்னே அமுக்கிப் போடுறான்."

தையல்காரர் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, "அண்ணாச்சி, அவன் அப்படிப்பட்ட பையன் இல்ல. ஆட்டம் ஜெயிக்கத்தானே செய்யுது?" என்றார்.

"ஒமக்கு என்னய்யா தெரியும்? நீரு துணியத் தையும்."

அதன்பிறகு தையல்காரர் நூல்கண்டுகளை எடுத்து வைக்கவில்லை.

கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பைப் பார்த்த பி.டி. சாருக்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுப்பது என்று முடிவானது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பொன்மொழி எழுதுவது நான்தான். அப்பா முழுவெள்ளைத் தாள் வாங்கி வந்து, பென்சிலால் கோடு போட்டு, என் முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மத்தியான நேரம். வெளியே மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நெடியில் எனக்குத் தும்மல் வந்துகொண்டே இருந்தது. தாளில் எச்சில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மேற்படி ஆட்டக்காரர் வேண்டுமென்றே பந்தைத் தாழ்த்திப் போட்டு..." என்று அப்பா சொன்னார்.

"அப்பா, வேண்டுமென்றேக்கு எந்த றே?"

"பெரிய றே."

பேனாவை நிறுத்தியது நினைவிருக்கிறது. வெந்நீரில் நனைந்த துணி ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனதும் நினைவிருக்கிறது. "அப்பா, அத்தானுக்குக் கால்ல..." என்று ஆரம்பித்தேன்.

"கவனம் செதறாம எழுது. அடிச்சுத் திருத்துனா மரியாத இருக்காது."

எழுதினேன். ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் தலையில் கை வைத்து அழுத்தினார். அப்பா தொட்டுப் பாராட்டுவது அபூர்வம். எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் மேலத்தெரு ஆண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தையல்காரரும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

அரையிறுதி அன்று செட்டர் டிராக் சூட்டைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு பையன் அந்த இடத்தில் நின்று எல்லாப் பந்தையும் ஆகாசத்துக்கு அனுப்பினான். அத்தான் ஏறினார். ஒவ்வொரு தடவையும் ஒற்றைக் காலில் இறங்கினார். எங்கள் கூட்டம் துண்டைச் சுழற்றியது. எதிர் டீம் அன்று சொத்தை, யார் அடித்தாலும் தோற்றிருக்கும். ஆனால் அன்று அதை யாரும் சொல்லவில்லை. கடைசிப் பந்து முடிந்ததும் ஆட்கள் உள்ளே பாய்ந்து அத்தானைத் தோளில் தூக்கினார்கள். மைதானத்திலிருந்து டிரெய்லர் வரைக்கும் தோளிலேயே கொண்டுவந்தார்கள். அதனால் அவர் எப்படி நடக்கிறார் என்பதை யாரும் பார்க்கவில்லை.

"பாத்தீகளா? சொன்னேன்ல?" என்று அப்பா ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். புரோட்டாக் கடையில் அன்று பின்பக்கம் போக வேண்டிய பொட்டலங்கள் மீந்துபோயின. கிழக்குத் தெருக்காரர்கள் பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் நேர் செட்டில் தோற்றோம். அதற்கு நடுவரைத் திட்டினோம். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் அரையிறுதியையே பார்த்துவிட்டார்கள். மாசி முடிவதற்குள் அத்தானுக்கு வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. அத்தை இருக்கன்குடிக்குப் போய் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். மாட்டு வண்டியில் போனோம். அத்தான் வரவில்லை, கூட்டத்தில் நிற்க முடியாது என்றார்.

டீமில் இருக்கும்வரைதான் செட்டருக்கு விடுதியும் படிப்பும். அவர் பங்குனி கடைசியில் ஊருக்கு வந்துவிட்டார், திரும்பிப் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வர ஆரம்பித்தார்.

ஒருநாள் சிவகாசியிலிருந்து அம்மாவோடு டவுன் பஸ்ஸில் வந்தேன். அவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம், காது மடல் எல்லாம் பொடி அப்பி, பாதரசம் பூசியது போல இருந்தார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அந்த மனு நீங்கதான் எழுதுனீகளாமே?"

நான் தலையாட்டினேன்.

"பி.டி. சார் காட்டுனாரு. முத்து முத்தா இருந்துச்சு எழுத்து. நல்லாப் படிங்க."

கிண்டல் இல்லை. நான் அதைத் தேடிப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய ஐம்பது வருடமாகத் தேடியும் அந்தக் குரலில் கிண்டலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்து வயதுப் பெண்ணிடம் பத்தொன்பது வயது ஆள் 'எழுதுனீக' என்று மரியாதை கொடுத்துப் பேசியதும் அன்று எனக்கு விசித்திரமாகப் படவில்லை. கிழக்குத் தெருப் பெரியவர்கள் எல்லோரும் எங்களிடம் அப்படித்தான் பேசினார்கள்.

பத்து வருடம் கழித்து அத்தானுக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். அதற்குள் அவர் ஆடுவதை நிறுத்தியிருந்தார். ஆபீஸ் வேலைக்கு மாற்றிக்கொண்டார். குவார்ட்டர்ஸ், இரண்டு பிள்ளைகள், பிறகு ஓய்வு, விருதுநகரில் வீடு. நல்ல மனிதர். என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. நான் வாலிபால் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்.

போன வருடம் மதுரையில் முழங்கால் மாற்று அறுவை செய்தோம். அதற்கு முன் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வயசானதால வந்தது இல்லையே. எப்ப அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

"காலேஜ் ரெண்டாவது வருசம். பொங்கல் லீவுல. கெணத்து மேட்டுல வழுக்கி விழுந்தேன்," என்றார் அத்தான். டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும் வழியில் கார் திருமங்கலம் தாண்டியது. பிறகு கேட்டேன். "அதுக்காகத்தான் அந்தண்ணன் தாழ்வாப் போட்டாரா?"

"ஆமா."

"நீங்க கேட்டுக்கிட்டீகளா?"

"ஆமா."

"மனு குடுத்தப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா வேல கெடச்சிருக்குமா?" என்றார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "நீயும்தான் பாத்தே," என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகையாவது வரும் என்று நினைத்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, தொடுவது தெரியும், கன்னம் தெரியாது. அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து துணிமணியை எடுத்து வைத்தேன்.

அறுவை முடிந்து மூன்றாவது மாதம், நான் மட்டும் ஊருக்குப் போனேன். அப்பா காலமாகிப் பதினைந்து வருடமாகிறது, எங்கள் நிலத்தில் இப்போது அச்சாபீஸ் ஒன்றின் குடோன் இருக்கிறது. கிழக்குத் தெருவில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை. வழி கேட்க வேண்டியிருந்தது.

அவர் காங்கிரீட் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பட்டாசு வேலை பார்த்தும் கை கால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூச்சு மட்டும் இழுத்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க பாப்பா" என்று எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை. நாற்காலி நடுவில் இருந்தது.

"நான் அன்னிக்குப் பாத்தேன்ணே. அந்த ரூம்ல. தெரிஞ்சிருந்தும் எழுதிட்டேன்," என்றேன். பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம்.

"நீங்க பாத்தது எனக்கும் தெரியும்லம்மா. நீங்க ஒங்க அப்பாகிட்டச் சொல்லிருவீகளோன்னு நாங்க ரெண்டு பேரும் பயந்துக்கிட்டுக் கெடந்தோம். நல்ல வேள, சொல்லல."

"சொல்லியிருந்தா உங்களுக்குப் படிப்பு போயிருக்காதே."

அவர் பேத்தியின் ரிப்பனை முடிந்தார். "ஆர்டர் கைக்கு வந்ததும் பி.டி. சார்கிட்ட வந்து உண்மையச் சொல்லிருறேன்னு சொன்னாரு அவரு. வந்தா என்னையத் திருப்பிச் சேத்துருப்பாக. நான் பங்குனி கடைசி வரைக்கும் விடுதியில இருந்து பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வேலையில சேந்த அலைச்சல். மறந்திருப்பாரு."

இது எனக்குத் தெரியாது. முப்பத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

"இப்ப கால் எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

"மாத்தியாச்சு. நடக்கிறாரு."

"அதான் வேணும்."

அவருடைய மகள் டம்ளரில் கலர் சோடா ஊற்றிக் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். அந்தத் தெருவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வாய் நனைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆனால் அதை ஒரு பெரிய காரியமாக நினைக்கிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. இனிப்பாக இருந்தது. மூன்றரை மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன்.

"என்ன சொன்னான்?"

"கால் எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"வேற?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அறுபத்தாறு வயது முகம். செட்டருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லை உண்மையிலேயே மறந்துபோனதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். காரில் சொன்னது போலவே சொல்லிவிடுவார்.

"வேற ஒண்ணும் இல்ல," என்றேன்.

பிசியோ செய்ய வேண்டிய நேரம் ஆகியிருந்தது. காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும், பிறகு இறக்க வேண்டும். தானாக எண்ணினால் அவர் ஏழிலேயே இறக்கிவிடுவார். அதனால் தினமும் நான்தான் எண்ணுவது. அவர் காலைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், நின்றபடியே, ஒன்று என்று ஆரம்பித்தேன்.